உன் எடைக்கு அடைத்த காற்று

இன்று காலை வேலூர்க் கடையில் மெக்கானிக் உன் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரிலிருந்து காற்றை இறக்கினார். சின்னதாக ஒரு சீறல். ரப்பரும் எண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. உன்னை உட்காரவைத்து, உன் எடைக்கென்று அளவு பார்த்து, இதே கடையில் அடைத்த காற்று அது. முழுவதும் போன பிறகு அவர் நிமிர்ந்து கேட்டார்.

"உங்க வெயிட் எவ்ளோ மேடம்?"

கடையில் வேறு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "எண்பத்தி நாலு" என்றேன். காது மடல்வரை சூடேறியது. அவர் தலையாட்டிவிட்டுப் பம்ப்பை மாட்டினார், அவ்வளவுதான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஒரு எண்ணைச் சொல்ல முடியாமல்தான் அன்று உன்னிடம் அத்தனை கதை அளந்தேன். உனக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்த நாள் ஞாபகமிருக்கிறதா? தையல் லைன் சூப்பர்வைசரான எனக்கும், சாம்பிள் ரூமில் இருந்த உனக்கும் ஒரே முடிவுதான் வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்க வேண்டும். மொட்டை மாடியில் நடக்கலாம் என்றேன். நீ போனை நீட்டினாய். யாரோ வெளிநாட்டுப் பெண்கள் காட்டுப் பாதையில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "நாயக்கனேரி மலை கண்ணெதிர்ல நிக்குது. நாம இன்னாத்துக்குடி மாடியில சுத்தணும்?" என்றாய்.

போனஸ் வந்த வாரம் வேலூருக்குப் பஸ் ஏறினோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் மலை சைக்கிள் கேட்டதும் கடைக்காரர் நமக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"சாருக்கா, பையனுக்கா?"

"எங்களுக்குத்தான்" என்றாய். நான் விலைச்சீட்டு எதையோ படிப்பதுபோல நின்றேன்.

அவர் இரண்டு வகை காட்டினார். முன்பக்கம் மட்டும் ஷாக் வைத்து, பின்பக்கம் கெட்டியாக இருப்பது ஹார்ட்டெயில். முன்னும் பின்னும் ஷாக் இருப்பது ஃபுல் சஸ்பென்ஷன். முதலாவது லேசு, மேடு ஏற நல்லது, பராமரிப்பு கம்மி. இரண்டாவது கல்லிலும் பள்ளத்திலும் இறங்கும்போது உடம்பைக் காப்பாற்றும், ஆனால் அடிக்கடி சர்வீஸ் பார்க்க வேண்டும். மெஷின் முன்னால் குனிந்து குனிந்து நம் இருவருக்குமே முதுகு போயிருந்தது. ஃபுல் சஸ்பென்ஷன்தான் என்று முதல் நாளே பேசி முடித்திருந்தோம். மனதுக்குள் எனக்கு நீல நிறம்கூட முடிவாகியிருந்தது.

அப்போதுதான் அவர், ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்தபடி பின் ஷாக்கில் காற்று அடைக்க வேண்டும், ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொல்வேன் என்றார்.

"எழுபத்தொண்ணு" என்று நீ கடை முழுக்கக் கேட்கிறமாதிரி சொல்லி ஏறி உட்கார்ந்தாய். அவர் குனிந்து பார்த்தார். வாடிக்கையாளர்களும் பார்த்தார்கள். நீ இரண்டு தரம் குலுங்கிக்கூடக் காட்டினாய். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இது வேணாம்" என்றேன். "பின்னாடி ஷாக் இல்லாததே போதும். ஏறுறப்போ மிதிக்கிற பலம் வீணாப் போகாது. நட்டு போல்ட்டும் கம்மி." யாரோ வீடியோவில் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். நீ சைக்கிளில் இருந்தபடியே என்னைப் பார்த்தாய். திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் கேட்டாய்.

"நெஜமாவே அதான் புடிச்சிதா உனக்கு?"

"ஆமா. லேசா இருக்குதில்ல."

"சரி" என்றாய். அதற்குமேல் நீ தோண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவோம். நீ டிராக் பேண்ட், டி-ஷர்ட், ஹெல்மெட். நான் சுடிதார்மேல் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஊர் எல்லை தாண்டும்வரை உன் பின்னால் ஒளிந்து வருவேன். டீக்கடையில் எவனாவது "எங்கக்கா, ரேசுக்கா?" என்பான். "ஆமா, வர்றியா?" என்பாய். "பாக்குறவன் கண்ணு வலிச்சா அவன் திருப்பிக்கட்டும். நாம எதுக்கு ஒதுங்கணும்?" என்று எனக்குப் பாடம் எடுப்பாய்.

மலை ஏறும்போது என் சைக்கிள் ஜெயிக்கும். உன்னுடையது மிதிக்கு மிதி ஊஞ்சலாடும், உனக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது நீ வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போய்விடுவாய். எனக்கு ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். பெடல்மேல் எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். இரவில் தைலம் தேய்த்துக்கொள்வேன். மறுநாள் லைனில் நீ விசாரித்தால், வலியே இல்லை என்பேன்.

நான் இதை எழுதுவது அந்த ஒரு காலைக்காகத்தான். இறக்கத்தில் பாதி தூரத்தில், பெரிய பாறை ஓரமாக நீ நிறுத்திவிட்டாய். இடது கையை அக்குளுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தாய்.

"இன்னா ஆச்சு?"

"இந்தப் பக்கம் இழுக்குதுடி."

"முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் ஸ்பிரிங் வச்ச வண்டி வாங்கிட்டு வலிக்குதுன்னா, நான்லாம் இன்னா சொல்றது?" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட" என்றாய்.

கீழேயிருந்து இரண்டு பைக்குகள் ஏறி வந்தன. நம் கம்பெனி கட்டிங் செக்‌ஷன் ஆட்கள். அவர்கள் கையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. வியர்வையில் ஒட்டிய துணியை இழுத்து விட்டுக்கொண்டே, "நாளைக்கு லைன் முழுக்க இதே பேச்சாத்தான் இருக்கும். வா, சீக்கிரம் போய்டலாம்" என்றேன். நீ அக்குளிலிருந்து கையை எடுத்தாய். பிறகு ஏறி மிதித்தாய். என்ன சொல்ல வந்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. லைனில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிப்பதிலேயே அந்த வாரம் எனக்குப் போய்விட்டது. யாரும் எதுவும் பேசவில்லை.

உனக்கு மார்பில் கட்டி என்று உன் வீட்டுக்கார அண்ணன் போனில் சொன்னபோது மழைக்காலம் வந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் நீ தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாய். ரொம்ப நாளாகவே கட்டி இருந்தது, உனக்கும் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன்டி அப்பவே காட்டல?"

"டாக்டர் ஆம்பளை."

"பொம்பளை டாக்டரைக் கேட்டிருக்கலாமே?"

"அதைக் கேக்குறதுக்கும் கூச்சமா இருந்திச்சு."

"உனக்கா?"

"எனக்குத்தான்" என்றாய். சிரித்தாய். "சட்டை பேண்ட்டு போட்டா கூச்சம் போய்டும்னு நெனச்சியா? வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலடி. உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

எப்போது, எந்த இடத்தில் என்று நீ சொல்லவில்லை. என்னைக் குத்திக்காட்டாமல் விட்டாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசி ஏற்றிய இடத்தில் நீலம் பாரித்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கூச்சமே கிடையாது என்று நானே முடிவு கட்டி, அந்த வசதியில் உன் பின்னால் ஒளிந்துகொண்டு வந்திருக்கிறேன். என் உடம்பை யார் பார்க்கிறார்கள் என்று ஊர்முழுக்கப் பார்த்த கண்ணுக்கு, பக்கத்தில் வந்த உன் உடம்பு தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய்.

போன ஞாயிறு அண்ணன் குட்டியானை வேனில் உன் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். "வீட்ல அதைப் பாக்க முடியலம்மா. நீ ஓட்டினா அவளுக்குப் புடிக்கும்" என்றார். அவர் போன பிறகு ஏறி உட்கார்ந்தேன். பின்பக்கம் அடிவரை இறங்கி இடித்தது. அது உன்னைத் தாங்கத்தான் பழகியிருந்தது. என் ஹார்ட்டெயிலை வைத்துக்கொண்டு இதை விற்றுவிடலாமா, அந்தக் காற்றை அப்படியே விட்டு நினைவாக நிறுத்திவைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். உன்னை அறிந்தவள் அதைச் செய்யக்கூடாது என்று பட்டது. வேலூருக்குக் கொண்டுபோனேன். இனி இதில்தான் இறங்குவேன். முதுகு வலிக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். போன மாதம் நானும் மார்புப் பரிசோதனைக்குப் போனேன். மூன்று தரம் கிளம்பி, இரண்டு தரம் பஸ் ஸ்டாண்டோடு திரும்பினேன். மூன்றாம் தரம் போய் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் குடியாத்தத்துக்கார அம்மா ஒருவர், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சும்மா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் ஆகலக்கா. சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மாவா?" அவர் கதவைப் பார்த்தார். "உள்ள ஆம்பளை டாக்டரு. கூச்சமா இல்லியா?"

உன்னைப்போலப் பளிச்சென்று ஏதாவது சொல்ல நினைத்தேன். வரவில்லை. துப்பட்டாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தேன்.

"இருக்குதுக்கா" என்றேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன்.