சுத்தமான வெட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம்தானே? என் அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஒரு கூத்து. சமையல் மேடைக்கு இரண்டு பலகைகளை மூலையில் சேர்க்க வேண்டும். மரம் வெட்டும் ரூட்டர் மெஷினை முன்விளிம்பிலிருந்து நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டினேன். மைக்கா ஓரம் பிசிறில்லாமல் வந்தது. சேர்த்துப் பார்த்தால் நடுவே விரல் நுழையும் சந்து.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். “வெட்டு சுத்தமாத்தான் இருக்குப்பா. கோட்டுலதான் வெட்டல. இன்னொரு பலகை போச்சுன்னா உன்னை வச்சுக்க முடியாது.”

அவரிடம் சிரித்து மழுப்பினேன். உன்னிடம் முடியவில்லை. மூன்று மாதமாகப் பென்சில் கோடு எனக்கு இரண்டாகத் தெரிகிறது. எது நிஜமென்று குத்துமதிப்பாகத்தான் வெட்டுகிறேன். கம்பெனி டாக்டரிடம் போனால் மேஸ்திரி காதுக்குப் போய்விடும். இன்றைக்கும் வெட்ட பலகை இருக்கிறது.

பீரோ மேல்தட்டிலுள்ள என் பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றி அனுப்பு. உதவுமா தெரியாது, வேறு வழியில்லை. அம்மாவிடம் மூச்சுவிடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பாப்பாவின் கடிதம் மூன்று வாரமாகத் தலையணைக்கடியில் கிடக்கிறது. இனிமேல் பெரிய எழுத்தில் எழுதச் சொல். ஏனென்று கேட்டால், அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று சொல்லிவிடு.

அவள் அப்பா