சூளைத் தீட்டு

அக்கா,

சூளையில் ஜாடிகள் வெடித்தது சாவுத் தீட்டாலா, மழையில் சரியாகக் காயாததாலா? எனக்குத் தெரியவில்லை.

எங்களிடம் தொழில் கற்கும் அநாதைப் பையன் சம்வொல்லின் தங்கை, சூளை மூட்டுவதற்கு முந்தின நாள் இறந்தாள். சூளைத் தெய்வத்துக்குப் பன்றித்தலை படைத்தபின் துக்கமுள்ளவன் பக்கத்தில் வரக்கூடாது. அவனோ சூளை எரிந்த மூன்று நாளும் விறகு போட்டான். இன்று என் கணவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஏன்டா மறைச்ச? வாயில என்ன, களிமண்ணா?”

அவன் என்னைப் பார்த்தான். “தப்புதான் எசமான்.”

“விடியறதுக்குள்ள கெளம்பு!”

“போக எடமில்ல எசமான்.”

வாயைத் திறக்காதே என்று அவனிடம் சொன்னவள் நான்தான். விறகு போட வேறு ஆளில்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பார்லிச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

உன் தங்கை

மறுநாள் சேர்த்தது: சம்வொல் விடியும் முன்பே போய்விட்டான். அதன் பிறகுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.