நீ உடைத்த தாடை

இன்று திண்டுக்கல் சந்தையில் ஒருவர் வயசுக்குப் பல் பார்க்கக் காளையின் உதட்டைத் தூக்கினார். மென்ற வைக்கோலின் சூடான நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, மச்சான். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக் கூடாதா என்கிறாள் என் அத்தை, உன்னைப் பெற்றவள். என்னிடம் இல்லை.

நீ மாட்டுத் தரகன். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு உன் மாடுகளுக்குக் கயிறு பிடித்தவன். கொடகனாற்றங்கரை சரிந்த இடத்தில் அந்தத் தாடை எனக்குக் கிடைத்தது. பார்த்தால் எலும்பு, தூக்கினால் கல். தாடிக்கொம்புப் பக்கம் கூடாரம் போட்டுப் பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்த சர்க்கார் ஆளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"உடையாம முழுசாக் கொண்டாப்பா. நல்லதா இருந்தா உன்னையும் எங்ககூட வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கூடாரத்துக்குக் கொண்டுபோகிற வழியில், சந்தையில் உன்னிடம் காட்டினேன். வேலை விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் போயிருக்கலாம்.

பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாய்.

"இந்தா பாருங்கப்பா, எம் மாப்ள புதுசா மாடு பிடிச்சாந்திருக்கான்! முன்னாடி ஒத்தப் பல்லு இல்ல, கெழடு! தாடைய வாங்குனா உடம்பு இனாம்!"

சந்தையே சிரித்தது.

"குடு மச்சான். கல்லா மாறுன எலும்பு அது. பல ஆயிரம் வருசத்துதுன்னு கூடாரத்து ஆளு சொன்னாரு."

"அம்புட்டு வருசமா? இருலே, கல்லா எலும்பான்னு பாத்துருவோம்."

வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் ஓங்கி அடித்தாய். மாடுகளின் கால்களுக்கிடையே குனிந்து தேடினேன். இரண்டு கடைவாய்ப் பற்கள் அகப்பட்டன. மீதி மிதிபட்டுத் தூளானது.

கூடாரத்து ஆள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மாடு இல்ல தம்பி, குதிரை ஜாதி. பல்லு எவ்வளவு உயரம் பாரு, மேல எத்தனை மடிப்பு. இலை தின்னுறதுக்கு இப்படிப் பல்லு வேண்டாம். புல்லை அரைச்சு அரைச்சுத் தேஞ்சது. அப்ப இங்க பெரிய புல்வெளி இருந்திருக்கணும்." பிறகு கேட்டார்: "தாடை எங்கே?"

சொன்னேன்.

"ஒரு எலும்பைக் காப்பாத்தத் தெரியலையே, தம்பி."

கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

விளையாட்டுப் புத்தி என்றுகூட அதை விட்டிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடையில் கேட்டாயே, "நீ போயிட்டா எனக்கு யாருடா கயிறு பிடிக்கிறது?" என்று. அப்போது நீ சிரிக்கவில்லை.

உனக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும் நான் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது உன் இடத்தில் நின்று நான்தான் தரகு பேசுகிறேன். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் ஆத்திரம்.

அந்த ஆள் சொன்ன புல்வெளி மட்டும் என்னிடம் இருக்கிறது. தாடிக்கொம்பு பஸ்ஸில் போகும்போதெல்லாம், காய்ந்து கிடக்கிற பொட்டலில் அது தெரிகிறது. இடுப்பளவு புல், காற்றுக்குச் சாய்கிறது. குதிரைகள் அவைபாட்டுக்கு மேய்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் மனிதவாடையே இல்லை. முக்கியமாக, நீ இல்லை.