மழை வருஷத்து ஒயின்

ஆகஸ்ட் 21, வியாழன்

ரயில் அனுப்பம்பட்டு தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே துண்டில் சுற்றிய சின்ன பாட்டில். எதிர் சீட்டுக்காரர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தும்.

நாசிக் பக்கத்துச் சிவப்பு ஒயின். காபர்நே திராட்சை அறுபது பங்கு, மெர்லோ திராட்சை நாற்பது. பிரான்சில் போர்தோக்காரர்கள் கலப்பது போல் கலந்தது. அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்ட வருஷம். நான் வேலை பார்க்கும் ஓட்டலுக்கு வாங்கலாமா, வேண்டாமா? இந்த முறை மதிப்பீடு எழுதப்போவது நான் மட்டும். முதல் தடவை.

"மோசமான வருஷத்து ஒயினுக்குத் திறந்த அன்னைக்கே தீர்ப்பு எழுதக் கூடாது, அர்ச்சனா. மூணு நாள் பாரு," என்றார் என் மேலதிகாரி விமல் சார்.

எனக்கோ நான்கு நாள் லீவு, முன்பே சொல்லிவைத்தது. காலை பத்து மணிக்கு ஆபீசில் திறந்து, முதல் குறிப்பு எழுதி, மீதியில் கொஞ்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் குப்பத்துக்கு. எந்த வீட்டுக்காரர் சரக்கை உள்ளே கொண்டுவந்தாலும் அந்த வீட்டுக்கு மூன்று பாடு, ஏரியில் இறாலுக்கு வலை போடும் முறை, நிறுத்தம் என்று விதி வைத்திருக்கும் குப்பத்துக்கு.

வீட்டைப் பொறுத்தவரை எனக்கு "ஓட்டல்ல பர்ச்சேஸ் வேலை". பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை பத்து. அம்மா கூடையோடு பழவேற்காட்டுக்குப் போய்விட்டாள். நைனா ஏரியில். வீட்டுக்குப் பின்னால், வேலிப் பக்கம், கண்ணாடி டம்ளர்.

நிறம்: ஓரத்தில் அதற்குள் செங்கல். வயதுக்கு முந்திய பழுப்பு.
மணம்: நேற்று பச்சைக் குடைமிளகாய் மட்டும். இன்று அதற்குப் பின்னால் நாவல்பழம், சீவிய பென்சில்.
வாய்: மெலிவு. நடுவில் ஒரு பள்ளம். துவர்ப்பு ஈறில் மட்டும் நிற்கிறது, நாக்குக்கு வரவில்லை. மழைக்குப் பயந்து முன்கூட்டியே பறித்திருக்கிறார்கள்.

மணலில் துப்பினேன். காலால் மூடினேன். அப்படி மூடும்போது நான் யார்?

பிரிட்ஜில் வைக்க முடியாது. பக்கத்து வீடுகளுக்கும் அதுதான் பிரிட்ஜ். யாரும் வந்து திறப்பார்கள். இந்த வெயிலில் வெளியே வைத்தால் நாளைக்கு ஒயின் செத்துவிடும். பின்கட்டில் நைனாவின் பழைய தெர்மகோல் பெட்டி கிடந்தது. புதுப்பெட்டி வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. அடியில் பாட்டிலைப் படுக்கவைத்து மேலே ஐஸ் போட்டேன். பாட்டிலில் டேப் ஒட்டி என் கையெழுத்தில்: திறந்தது 21, காலை 10.

நாளை எங்கள் பாடு. ஏரியில் இறால் ஓடும் இடம் எல்லார் வீட்டுக்கும் முறைவைத்து வரும். எங்களுக்குப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் கிடைப்பது குழம்புக்கு. பாடு நாளில் கிடைப்பதுதான் வருஷத்துக்கு.

நைனா குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. விதியும் நாலு வருஷம். அதைக் கொண்டுவரச் சொல்லிக் கோயில் எதிரில் உட்கார்ந்த பெண்களில் முதல் வரிசை என் அம்மா.

ஆகஸ்ட் 23, சனி

எழுத முடியவில்லை. எழுத வேண்டும்.

நல்ல இறால். இந்த வருஷத்தில் இப்படி விழவில்லை என்றார்கள். ஒரு பெட்டி போதவில்லை. நைனாவின் கூட்டாளி சம்பந்தம் மாமா வீட்டுக்கு ஓடி வந்து பழைய பெட்டியைத் தூக்கிப் போயிருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தடம். ஓடினேன்.

கரையில் ஐஸை ஒதுக்கிவிட்டார்கள்.

"நீலமேகம், இன்னாபா இது? அடியில கலர் தண்ணி படுத்துக்கினு கீது," என்றார் சம்பந்தம் மாமா. மூடியைத் திருகி மோந்தார். முகம் மாறிவிட்டது.

யாரோ, "இறாலுக்கு ஊத்திக் குடுக்கவா?" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விதி ஞாபகம் வந்தது.

நைனா பாட்டிலை வாங்கினார். பார்த்தார். கட்டைவிரல் டேப்பின் மேல். கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் — ஒரு மூச்சு. இரண்டு.

நான் இறாலைப் பார்த்தேன். மீசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னுதுதான்," என்றார் நைனா.

அம்மா கூடையோடு அங்கேயே நின்றிருந்தாள். "நாலு வருசம்," என்றாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப என்ன காரணம் இருக்கிறது அவளுக்கு?

குப்பத்துத் தலைவர் பொன்னுரங்கம் பாட்டிலை வாங்கிக் கோயில் அறையில் வைத்துப் பூட்டினார். மூன்று பாடு.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம்தான். இரண்டு சொல். அது என்னுடையது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கொடியில் நைனாவின் சட்டையை எடுத்து மடித்தேன். பையில் சுருட்டிய டேப். என் கையெழுத்து. கொடுப்பதற்கு முன் விரலாலேயே உரித்திருக்கிறார்.

திருப்பிப் பையிலேயே வைத்தேன். அதைக்கூட எடுத்துக்கொள்ளத் தைரியம் இல்லை.

நைனா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் வந்ததும், "பாத்துப் போ," என்றார். எப்போதும் சொல்வதுதான். இப்போது அது என்னவோ —

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மூன்றாம் நாள் குறிப்பு வேண்டும். மூன்றாம் நாள் ஒயின் கோயில் அறையில்.

எழுதினேன். "மூன்றாம் நாளிலும் சரியவில்லை. பச்சை மணம் அடங்கி, பழம் முன்னுக்கு வருகிறது. குறை உள்ள வருஷம். குறையை மறைக்காத ஒயின். இரண்டு வருஷத்துக்குள் குடிக்க, வாங்கலாம்."

விமல் சார் படித்துவிட்டு, "இவ்வளவு நேர்மையா எழுத எங்கே கத்துக்கிட்டே?" என்றார்.

கழிவறையில் முகம் கழுவினேன். இரண்டு முறை.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று எங்கள் பாடு. வேறு வீட்டுக்குப் போயிற்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மா போனில்: "உங்க நைனா ஏரிப் பக்கமே போவல. வலைய மடிச்சுப் போட்டுட்டு அதும் மேல குந்திக்கினு கீறாரு. தெனம் சாயங்காலம் ஊதச் சொல்றேன். ஊதுறாரு. ஒண்ணும் இல்ல. இன்னிக்கு இல்லன்னா நாளிக்கு இருக்கும்."

மகளிர் குழுவுக்குப் போகவில்லையாம். "எந்த மூஞ்ச வச்சிக்கினு போவேன்? நம்ம குழு அம்மணி ஒண்ணும் கேக்க மாட்டா. அதான் போவல."

சொல்ல வாய் எடுத்தேன். "மா" என்றேன். "இன்னா?" என்றாள். "சாப்ட்டியா" என்று கேட்டேன்.

கல்லூரியில் நாலு வருஷம் படித்தேன், மேலே இரண்டு. விருப்பப் பாடமாக, இலக்கியத்தில் மௌனம் பற்றி மட்டும் ஒரு பருவம் முழுக்க. முதல் மதிப்பெண்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாவது பாடும் போயிற்று.

இன்று ஒரு நல்ல வருஷத்து ஒயின் ருசித்தோம். எனக்கு எதுவும் தெரியவில்லை. மூக்கு அடைத்திருக்கிறது என்று சொன்னேன். அடைக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

சொன்னேன். ஊருக்குப் போய், நேரில். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது உன்னுதா?"

"ஆமா."

"குடிச்சியா?"

"குடிக்கல. வாயில வச்சுத் துப்பினேன். அதான் என் வேலை."

"துப்புறதுக்கு இன்னாத்துக்கு வாயில வக்கிற?"

இந்தத் தொழிலில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

செதிலை வழித்துப் போட்டாள். பிறகு: "ஒரு மாசமா அந்த ஆளு வாய மோந்துக்கினு கீறேன். ஒரு வார்த்த சொல்லல. உன்னாண்டயும் சொல்லல. ரெண்டு பேரும் என்ன வச்சு இன்னா பண்றீங்க?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நாளிக்குக் கோயிலாண்ட எல்லாம் குந்துவாங்க. அங்க சொல்லு."

செப்டம்பர் 21, ஞாயிறு

காலை. கோயில் எதிரில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். பொன்னுரங்கம், "இன்னாம்மா?" என்றார். முன்னால் வந்து சொன்னேன். குரல் என்னுடையதாக இல்லை. அந்த பாட்டில் என்னுடையது, நைனாவுக்குத் தெரியாது, பெட்டியில் வைத்தது நான்.

நைனா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அது சின்னப் பொண்ணு. எனக்காவ சொல்து. வுடுங்க," என்றார்.

எல்லோரும் அதை நம்பினார்கள். என்னைவிட எளிதாக அவரை நம்பினார்கள். அம்மணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணுன்னா இப்டி இருக்கணும். அப்பன் மானத்தத் தன் தலையில போட்டுக்குது பாரு."

நல்ல பெண் என்றார்கள் என்னை. அந்த நிமிஷம் தாங்க முடியவில்லை. ஒரு மாதத்தில் மிகவும் கேவலமான நிமிஷம் அதுதான், கரையில் நின்றது அல்ல.

"பாட்டிலக் கொண்டாங்க," என்றேன்.

பொன்னுரங்கம் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "கொண்டாங்கண்ணா," என்றாள்.

எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்து வந்தார்கள். டம்ளரில் ஊற்றினேன். வெயிலுக்குச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தேன். சுழற்றினேன். மூக்கை உள்ளே விட்டேன். பிறகு வாயில் வைத்து, பல்லுக்கிடையில் காற்றை இழுத்து — அந்தச் சத்தம், ஆபீசில் யாருக்கும் அது சத்தமே இல்லை — ஊர் எதிரில், அம்மன் எதிரில், மணலில் துப்பினேன்.



"புளிச்சுக் காடியாயிடுச்சு," என்றேன். "தொறந்து ஒரு மாசம். அடியில பச்ச மொளகா வாசன இன்னும் கீது. கொட மொளகா. பழுக்கறதுக்கு முன்ன பறிச்சது. மழ வந்துரும்னு பயந்துட்டாங்க. இத மோந்து எழுதிக் குடுக்கறதுதான் என் வேலை. நைனா ஒரு சொட்டு தொடல."

சம்பந்தம் மாமா எழுந்து வந்தார். டம்ளரை வாங்கி மோந்தார். திரும்பவும் மோந்தார். "ஆமாபா. மொளகாதான்."

டம்ளர் கை மாறியது. ஒருவர் பின் ஒருவராக மோந்தார்கள். குடியை நிறுத்திய ஊர், ஒரு டம்ளரை மோந்து மோந்து அடுத்தவரிடம் கொடுத்தது. "இதத் துப்பறதுக்கு ஆளு வச்சிகீறானுங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான். சிரிக்கட்டும்.

அம்மணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நீலமேகம் குடிக்கல," என்றாள். யாரிடமும் இல்லாமல், மெதுவாக. பிறகு அம்மாவிடம் போய் நின்றுகொண்டாள்.

பொன்னுரங்கம் கடைசியாகச் சொன்னார்: "யாரு கொண்டாந்தா இன்னா, வூடு ஒண்ணுதான. மூணாவது பாடும் கெடையாது. ஆனா நீலமேகத்த இனி ஒருத்தனும் வாய் தொறந்து ஒண்ணும் சொல்லக் கூடாது."

திரும்பிப் பார்த்தேன். நைனா இல்லை. நான் துப்பும்போதே எழுந்து போய்விட்டாராம்.

செப்டம்பர் 22, திங்கள்

நைனா என்னோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் வரவில்லை. அவர் எனக்காக மறைத்து வைத்ததை நான் ஊர் எதிரில் அவிழ்த்துப் போட்டேன். இனி என்னைப் பெண் பார்க்க வருகிறவனுக்கு அதைத்தான் சொல்வார்கள்; அவர் கணக்குப் போட்டு மறைத்ததும் அதனால்தான். சரியானதைச் செய்தால் அவமானம் போய்விடும் என்று எந்த முட்டாள் சொன்னான்? இடம் மாறுகிறது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, புதன்

விமல் சாரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் நான் ருசிக்கவில்லை, இட்டுக்கட்டி எழுதினேன் என்று. ஆர்டர் இன்னும் போகவில்லை, அது என் அதிர்ஷ்டம். அவர் அலமாரியிலிருந்து அதே ஒயினில் இன்னொரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். "இன்னைக்கு முதல் நாள்," என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்றாம் நாள். பழம் இல்லை. துவர்ப்பும் இல்லை. கலங்கிய தண்ணீர், பின்னால் ஈர அட்டைப்பெட்டி வாசனை.

"வாங்க வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விமல் சார் வாங்கிக் கோப்பில் வைத்தார். அடுத்த மதிப்பீடு எனக்கு இல்லை, கூட வேலை பார்க்கும் ராகுலுக்கு.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்றாவது பாடு. முடிந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். நேற்று குழுவுக்குப் போனாளாம். வெள்ளிக்கிழமை எங்கள் பாடு. நைனா மூன்று நாளாக வலையை எடுத்துப் பார்க்கிறார், எலி கடித்த இடம் கட்டுகிறார். ஊதச் சொல்வதில்லை என்று அவளாகவே சொன்னாள். பிறகு போனைத் தள்ளிப் பிடித்து, "இந்தா, பேசு. பேசுறதுன்னா பேசு," என்றாள்.

போன் கை மாறும் சத்தம். மூச்சு மட்டும். ஏரிக் காற்று.

"நைனா," என்றேன்.

"அன்னிக்கே நீ சொல்லுவேன்னு பாத்தேன்," என்றார்.

கரையில். அந்த ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அது கண்டிப்பு என்றும் மன்னிப்பு என்றும் இத்தனை நாள் மாற்றி மாற்றி நினைத்திருந்தேன். காத்திருந்திருக்கிறார்.



பிறகு, "வெள்ளிக்கெழம ஆளு பத்தாது. சம்பந்தத்துக்கு முதுகு புடிச்சிக்கினு கீது. இறால் பிரிக்கத் தெரியுமில்ல உனக்கு, மறந்துட்டியா?" என்றார்.

மறக்கவில்லை என்றேன்.

வியாழன் மத்தியானத்திலிருந்து லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் வழக்கமாக "சொந்த வேலை" என்று போடுவேன். "எங்கள் பாடு" என்று எழுதினேன்.