கோடு வளையும் இடம்

அப்பா,

இன்று காலை ஆட்டை ஓட்டிக்கொண்டு போனபோது, நம் நிலத்து மேற்குக் கடைசியில் உங்கள் அரளிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி அடித்திருந்தது. தலையில் சிவப்புப் பெயிண்ட். தொட்டேன், விரலில் ஒட்டியது.

அந்தக் குச்சிகளை எனக்குத் தெரியும். பெரிய கரண்டு லைனுக்கு அளக்க வந்தவர்களோடு ஒரு கோடை முழுக்க நீங்கள்தானே அவற்றைச் சாக்கில் சுமந்தீர்கள். சாயங்காலம் வேட்டியெல்லாம் ஒட்டுமுள்ளோடு வந்து சொல்வீர்கள்: காற்றாலைக் காத்தாடிக் கரண்டை வடக்கே கொண்டுபோகப் போகிறார்கள், பத்து வருஷம் கழித்து நாட்டுக்கு எவ்வளவு வேணும் என்று இப்போதே கணக்குப் போட்டுப் பாதை பார்க்கிறார்கள் என்று.

"நாளைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு தெரியல. இவரு பத்து வருசம் தாண்டிப் போயிட்டாரு" என்பாள் அம்மா. அதற்கு அதிகமாகச் சிரித்தது நீங்கள்தான்.

ஒரு நாள் மதியம் சர்வே சார் நம் கட்டிலில் வரைபடத்தை விரித்தார். கோடு நேராக அத்தையின் கிணற்று மேலேயே போனது.

"கண்ணு, அத்தை கெணறு எங்க வருதுன்னு சாருக்குக் காட்டு."

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"வாயில கொழுக்கட்டைங்க சார்" என்று சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீங்களே ஒரு சின்ன வட்டம் போட்டீர்கள்.

"மேப்புல கெணறே இல்லையேப்பா?"

"மேப்புல இல்லீங்க. தண்ணி மட்டும் இருக்குதுங்க."

கோடு வளைந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் டவர் திரும்பித்தான் நிற்கிறது. அத்தையின் மோட்டார் ஓடுகிறது. "பேப்பர்ல அது நேராத்தான் போகும் கண்ணு. ஆராச்சும் சொன்னாத்தான் வளையும்" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு அம்மா மில்லுக்குப் போகிறாள். மாட்டையும் ஆட்டையும் பார்க்க ஆள் வேண்டுமென்று பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். முன்பே வெளியாளிடம் பேச்சு வராது. இப்போது ஆடுகளோடு சரி.

போன மாதம் பஞ்சாயத்து ஆபீசில் இரண்டாவது லைனுக்கு வரைபடம் மாட்டியிருந்தார்கள். கோடு நம் மேற்குக் கடைசி வழியாகப் போனது. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். சொல்ல வேண்டியது என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஊர்க்கார அக்கா, "என்ன புள்ள, ஏதாச்சும் சொல்லோணுமா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை அப்பா.

அளந்தவர்கள் மேல் தப்பில்லை. ஐப்பசி மழையில் உங்கள் மண்மேடு கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. தை பிறந்ததும் கல் நடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஓர் அரளிச் செடி, அவ்வளவுதான். டவர் கால் ஊன்றக் குழி தோண்டினால் உங்கள் மேல்தான் தோண்டுவார்கள்.

இன்று காலை வண்டித் தடத்தில் ஜீப் நின்றது. ஒருவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆட்டை வேலியில் கட்டிவிட்டு அவரிடம் போனேன்.

"என்னம்மா?"

மேற்கே கை நீட்டினேன். "அங்க எங்கப்பா இருக்காருங்க."

அவர் நம் காடு முழுக்கப் பார்த்தார். "யாரையும் காணோமே?"

நான் அரளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் அதைப் பார்த்தார். பிறகு வரைபடத்தை எடுத்து ஜீப்பின் மேல் விரித்தார்.

அவரிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, ஒரு சின்ன வட்டம் போட்டேன்.