பச்சைக் கேட்டில் தொங்கிய தேத்தண்ணி

2 டிச., செவ்வாய்

கிள்ளானில் விடாத மழை. கார் ஓட்டச் சொல்லித் தரும் பாடம் இரண்டும் ரத்து. மாணவி ஒருத்தி வெயிலிலேயே வைப்பரைத் தட்டிவிடுகிறவள். மழையில் எதைத் தட்டுவாளோ. தப்பித்தேன்.

மதியம் கரண்ட் போச்சு. மாடி முழுக்க இருட்டு. எதிர்வீட்டு ஆன்டி வாசலில் நின்று, "பில்லு கட்டலையா அங்கிள்?" என்றார். அவர் வீட்டிலும்தான் இல்லை. அங்கிளாம். என்னைவிட மூன்று வயதாவது மூத்தவர்.

சாமி விளக்கை ஏற்றிப் படம் எடுத்து, 'கோப்பிக்கடை' வாட்ஸ்அப் குரூப்பில் என் முகப்படமாக வைத்தேன். அடுத்து எழுத வேண்டிய வரியும் தயார்: "கரண்ட்தான் போச்சு, நான் இன்னும் போகல." எழுதுவதற்குள் காரின் கண்ணாடி திறந்திருப்பது ஞாபகம் வந்தது. ஓடினேன். படியில் வழுக்கல். போன் வடிகாலுக்குள்.

நல்ல ஜோக், வால் இல்லாமல் போய்விட்டது. உடுப்பெல்லாம் சேறு.

4 டிச., வியாழன்

தூறல். இருமல் பிடித்துக்கொண்டது. ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். ரிப்பேர் கடைக்காரர் போனை மூக்கருகே வைத்து மோந்தார்.

"பாஸ், இது போனா மீன் தொட்டியா? சனிக்கிழமை வாங்கலா."

வாங்கியது: இருமல் மருந்து, முறுக்கு. வாங்க மறந்தது: குடை.

காலையில் எழுந்தேன். எழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. விசித்திரமாக இருந்தது. மனைவி பிரிந்து போய்ப் பல வருடம், பிள்ளை கிடையாது. நான் எழுந்தேனா என்று கேட்கிற ஒரே இடம் அந்தக் குரூப்தான். கொரோனா அடைப்புக் காலத்தில் யாரோ தொடங்கியது, ஒருவரையொருவர் இன்று வரை பார்த்ததில்லை. காலையில் குடிப்பதைப் படம் பிடித்துப் போட வேண்டும். முகம் காட்டக் கூடாது. சொந்தப் பெயரும் கூடாது, குடிப்பதுதான் பெயர். குரல் பதிவு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும்.

நான் 'தே ஓ கோசோங்'. வெறும் தேத்தண்ணி: பாலும் இல்லை, சீனியும் இல்லை. டாக்டர் வைத்த பெயர் என்றுகூடச் சொல்லலாம். குரூப்பை நடத்துவது தே தாரிக் அக்கா, செலாயாங் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம். சிராப், செராஸ்காரன், லோரி ஓட்டுகிறான். வண்டியில் ஏற்றுவதைவிடப் பேச்சில் ஏற்றுவது அதிகம். பார்லி, மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையில் வேலை. வாயாடி. என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவள், அதைவிட நல்லதாக ஒன்று சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கிளப்புபவளும் அவளே.

என் படம் தினமும் ஒன்றுதான். முதல் மாணவருக்காகக் காரை நிறுத்திக் காத்திருக்கும் சந்தில், ஒரு வீட்டுப் பச்சைக் கேட்டில் தொங்கும், கடையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தந்த தேத்தண்ணி. ஆறும்வரை கையில் பிடிக்க முடியாது, அதனால் கேட். அந்த வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்ப்பார். என் கேட்டில் ஏன் மாட்டுகிறாய் என்று கேட்டதில்லை. சிரித்ததும் இல்லை.

6 டிச., சனி

வெயில்! போன் பிழைத்துக்கொண்டது. ஆனால் நான் செத்துப்போயிருந்தேன்.

எப்படி மறந்தேன்? போன வருடம் லீமாவ் அங்கிள் இறந்தபோது, அவர் மகள் அவருடைய முகப்படத்தை எடுத்துவிட்டு ஒரு விளக்கை வைத்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம்: விளக்கு வந்தால் ஆள் இல்லை. அதை 'நல்ல முறை' என்று பாராட்டி நானே ஒரு குரல் பதிவு போட்டிருக்கிறேன். செவ்வாயன்று என் பெயரில் விளக்கு. பிறகு போன் அடைப்பு. அக்கா பலமுறை அழைத்திருக்கிறார்.

வந்தவற்றில் சில:

"சீனி இல்லாத மனுசன், ஆனா பேச்சு மட்டும் இனிப்பு." (சிராப். இவனுக்கு இவ்வளவு வருமா!)

"அந்தக் குரலுக்கு ஆளு நல்லா ஒசரமா, தலை நிறைய முடியோட இருந்திருப்பாரு." (இரண்டும் இல்லை. மறுக்கவும் மனமில்லை.)

"காலையில யாருண்ணே இனிமே எங்கள சிரிக்க வைப்பா?" (அக்கா, அழுகைக் குரலில்.)

பார்லி போட்டது: ஒரு காலிக் கிளாஸ் படம்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது இத்தனை நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. இன்னும் கொஞ்ச நேரம் செத்திருக்கலாம் என்று தோன்றியது. முறுக்கைக் கடித்துக்கொண்டே என் இரங்கல்களைப் படித்தேன்.

7 டிச., ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை.

நேற்று விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டு போனேன். சிராப்பின் நீளமான குரல் பதிவு ஒன்று. மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"மனசு கேக்கலலா. லோரிய எடுத்துக்கிட்டுக் கிள்ளானுக்கே போயிட்டேன். சந்து சந்தா தேடினேன். அந்தப் பச்சைக் கேட்டு கெடைச்சிருச்சி! வாசல்ல கூடாரம். உள்ள போய்ப் பாத்தேன் நம்ம கோசோங் அண்ணன. தூங்குற மாதிரி இருந்தாரு. மவன்தான் கொள்ளி வெக்கப் போறான். மத்தியானத்துக்குள்ள தூக்கிருவாங்க, வரவங்க வாங்க."

அக்கா போயிருக்கிறார். பார்லி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பெயர் தெரியாத இன்னும் பலர். "முகம் எவ்ளோ சாந்தம்." "நான் நெனைச்ச மாதிரியே இருந்தாரு." கடைசியில் ஓர் அறிவிப்பு: அடுத்த ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடை மாடியில், கோசோங் அண்ணன் நினைவுக் கூட்டம்.

கையை எடுத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். மடத்தனம்தான். சூடாக இருந்தது.

சாயங்காலம் அந்தச் சந்துக்குப் போனேன். மழையால் பாடம் இல்லை, அதனால் ஒரு வாரமாக அந்தப் பக்கமே வரவில்லை. வேலியில் கண்ணீர் அஞ்சலி பேனர். ஜன்னல்காரரின் படம். போனது அவர்.

கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மேலிருந்து கீழே வரை தேத்தண்ணிப் பைகள். எல்லாம் பால் இல்லாத கறுப்புத் தண்ணி. வந்தவர்கள் ஆளுக்கொன்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்காக. காற்றில்லை, ஆனால் ஒன்றிரண்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே ஜன்னல் திரை விலகியிருந்தது, அவர் நிற்கும் அளவுக்கு. அங்கே யாரும் இல்லை.

கார் முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆனது. நல்ல வேளை.

8 டிச., திங்கள்

போதும் என்று குரூப்பில் இருமிக்கொண்டே குரல் பதிவு போட்டேன். "நான் உயிரோடதான் இருக்கேன்லா. விளக்கு ஒரு ஜோக்கு. போன் தண்ணியில விழுந்திருச்சி. நீங்க போனது வேற ஆளு வீடு."

எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நீல டிக். பதில் இல்லை.

பிறகு தே.தா. அக்கா: "யாரும் பதில் போடாதீங்க. அண்ணன் போனு எவன் கையிலயோ மாட்டிருச்சி. அடுத்து காசு கேப்பான் பாருங்க."

சிராப்: "குரல் அச்சு அசல் அவருதான்க்கா!"

அக்கா: "இப்பதான் குரல் செய்யற மிஷினு வந்திருச்சே. அவரு பேசுனது அத்தனையும் நம்மகிட்ட இருக்கு. எடுத்துப் போட்டுப் பேச வைக்கிறானுங்க. செத்தவரக்கூட விட மாட்டானுங்க, பாவிங்க."

சிராப்: "டேய் மிஷினு, எங்கண்ணன் இருமவே மாட்டாருடா!"

நீக்கப்பட்டேன். தடுக்கப்பட்டேன். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

இருமல் மருந்து இரண்டு மூடி.

9 டிச., செவ்வாய்

தேத்தண்ணி போட்டேன். படம் எடுத்தேன். அனுப்ப இடம் இல்லை. தண்ணி ஆறிவிட்டது.

எதிர்வீட்டு ஆன்டியின் போனை இரவல் வாங்கிப் பார்லியை அழைத்தேன்.

"நான்தான். கோசோங்."

பின்னால் கடை இரைச்சல்.

"போன மாசம் மீன்காரன் கதை சொன்னேனே, நீ சிரிச்சிச் சிரிச்சிப் பொறை ஏறி..."

"அது அவரு போன்லயே இருக்கு."

"உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ போகாததுக்குக் காரணம்..."

"அதுவும் போன்லதான் சொன்னேன்."

தேடினேன். எங்கள் சிநேகம் முழுவதும் அந்தப் போனுக்குள் இருந்தது. அதைத் திருடியவனுக்கும் எனக்கும் வித்தியாசம் காட்ட, வெளியே ஒரு துரும்புகூட இல்லை.

"நேர்ல வரேன், பாரு."

"பாத்தா? நான் அவரப் பாத்துட்டேன்ங்க. கால தொட்டுக் கும்பிட்டேன். சில்லுனு இருந்திச்சி." குரல் உடைந்தது. "நீங்க யாரோ. அவர விட்ருங்க. நல்லா இருப்பீங்க."

ஆன்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் தவறிட்டாங்களா அங்கிள்?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

14 டிச., ஞாயிறு

மேகமூட்டம். சலவைச் சட்டை. இருமி இருமித் தொண்டை கட்டிவிட்டது. என் நினைவுக் கூட்டத்துக்கு நானே தாமதம்.

மேடை ஏறி, "இதோ நான்!" என்று நின்றுவிட வேண்டும். அதுதான் திட்டம். வழி நெடுக மனப்பாடம்.

மாடியில் வாழையிலை, வடை வாசனை. முன்னால் மாலை போட்ட படம். ஜன்னல்காரர். அதன் முன் ஒரு கிளாஸ் தே ஓ கோசோங். வாசலில் ஒரு பெரிய உருவம், கையில் பேனா.

"அண்ணே, நீங்க எந்தத் தண்ணி?" செலாயாங் சந்தைக் குரல். அக்கா!

தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "புதுசு... சுடுதண்ணி."

"அட, நல்ல பேரு. உக்காருங்க. தொண்ட கட்டிருச்சா? சுடுதண்ணி சுடுதண்ணி குடிக்கல போல!"

எல்லாரும் சிரித்தார்கள். என்னை வைத்துச் சிரித்தார்கள், எவ்வளவு நன்றாக இருந்தது.

சிராப் எழுந்து என் ஜோக் ஒன்றைச் சொன்னான். பாதி என்னுடையது அல்ல. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பிறகு மகனைக் கூப்பிட்டார்கள். ஆமாம், அந்த வீட்டு மகன். முப்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை. மைக்கை வாங்கினார்.

"எங்கப்பாவுக்கு இவ்வளவு கூட்டாளிங்களா? வீட்டுல வாயே தொறக்க மாட்டாருங்க. என்னை ஒரு வார்த்த 'சாப்டியா'ன்னு கேட்டதில்ல."

அக்கா என் பழைய குரல் பதிவு ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டார். கூடம் முழுக்க என் சிரிப்பு. மகன் நெற்றியைச் சுருக்கினார்.

"இது அப்பா கொரலு மாதிரி இல்லியே."

இப்போது. இப்போது எழ வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"ஆனா அவரு சிரிச்சி நான் கேட்டதே இல்ல," என்றார் அவர். "சிரிச்சா இப்படித்தான் இருந்திருப்பாரு போல." அழுகையும் சிரிப்புமாக அக்காவிடம் கேட்டார்: "எல்லாத்தையும் எனக்கு அனுப்பிருவீங்களாக்கா? ஒண்ணு விடாம?"

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

கடைசியில் படத்தின் முன்னிருந்த கிளாஸை ஒருத்தி எடுத்து வந்தாள். நீலச் சேலை. "படைச்சத யாராச்சும் குடிக்கணும். இந்தச் சீனி இல்லாத கண்றாவிய யாரும் தொட மாட்றாங்க. நீங்க குடிங்கண்ணே." பார்லி. முதன்முதலாகப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான், அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

எனக்குப் படைத்ததை நானே குடித்தேன். ஜில்லென்றிருந்தது.

திரும்பும் வழியில் புது சிம். அதிலிருந்து அக்காவுக்கு எழுதினேன்: சுடுதண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

17 டிச., புதன்

லேசான வெயில். வைப்பர்க்காரி தேர்வில் பாஸ், நம்ப முடியவில்லை. தொண்டை சரியாகிவிட்டது, குரல் பழையபடி கணீர்.

காலையில் அக்கா என்னைக் குரூப்பில் சேர்த்தார். "சுடுதண்ணி அண்ணனுக்கு வணக்கம் சொல்லுங்க!" மளமளவென்று வணக்கங்கள். கண் கலங்கிவிட்டது. சிராப்: "அண்ணே, கொரலு போடுங்க, கேப்போம்!"

மைக்கில் விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். எப்படிப் போடுவது? இந்தக் குரலுக்குரியவர் இறந்துவிட்டார். இனி எனக்கு எழுத்து மட்டும்தான்.

பாடம் முடிந்து பார்த்தால், அக்கா குரூப்பில் சேர்த்திருந்த அந்த மகனின் பெயரில் ஒரு குரல் பதிவு. 'அப்பா' என்று மட்டும் எழுதியிருந்தார். என் பழசு ஏதோ என்று நினைத்து அழுத்தினேன்.

என் குரல். என் இழுப்பு. நான் சிரிப்பதற்கு முன் விடும் அந்தச் சின்ன மூச்சுகூட.

"வணக்கம், வணக்கம்! எல்லாரும் எழுந்தாச்சா? தம்பி, நீ சாப்டியாடா?"

நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு மகன் இல்லை.

குரூப்பில் ஒருவரும் மிஷின் என்று சொல்லவில்லை. தே.தா. அக்கா: "வணக்கம்ணே." சிராப்: "எழுந்தாச்சிண்ணே!" பார்லி ஒரு நிறைந்த கிளாஸ் படம் போட்டிருந்தாள். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நான் உயிரோடு இருந்தபோது என்னை வரவேற்றதைவிட வேகமாக. எல்லாரும் சொல்லியாயிற்று. என் பெயர் மட்டும் பாக்கி.

எழுதினேன்: "வணக்கம்ணே. நானும் எழுந்துட்டேன்."