கல்லாவிலிருந்து ஒரு குரல்

பாரிஸ், 9 மார்ச் 1959

அன்புத் தங்கை யூதோக்சிக்கு,

நீ நலம்தானே? எனக்கு நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. படத்தில் வசனம் கிடைத்துவிட்டது.

கொள்ளைக்கூட்டப் படம். இதில் நான் வேலைக்காரி இல்லை, ரம் கடை முதலாளி. பாரிஸே நடுங்கும் ரவுடித் தலைவன் கடைக்குள் நுழைகிறான். கல்லாவில் உட்கார்ந்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் சொல்ல வேண்டும்: "தொப்பியைக் கழட்டு. இது என் கடை." அவனும் கழற்றுகிறான்.

முதலில் இயக்குநர் வழக்கம்போல என் கையில் தட்டைத்தான் கொடுத்தார். "கடைக்காரி யாரு?" என்று கேட்டேன். "இன்னும் ஆள் பார்க்கல" என்றார். "அப்ப என்னைப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நம்மைப் போன்ற கறுப்பு முகம் திரையில் வந்தால் கதவைத் திறந்துவிடும், காப்பி வைக்கும், போய்விடும். வாய் மட்டும் திறக்காது. இந்தத் தடவை என் குரல் கடல் தாண்டி உன் காதுக்கு வரும், பார்.

உன் அக்கா,
சிதோனி

ஃபோர்-த-ஃப்ரான்ஸ், மார்த்தினிக் தீவு, 2 ஏப்ரல் 1959

அன்புள்ள அக்கா,

நீ மூன்று மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டலாம் என்று காத்திருந்தேன். வாயை அடைத்துவிட்டாய்.

தெரு முழுக்க உன் வசனம்தான். சந்தையில் மீன்காரிகள் பேரம் பேசுகிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறார்கள். எதிர்வீட்டு லெயோன்ஸ் மாமா மட்டும் நம்பவில்லை. "நம்ம பொண்ணு சொல்லி வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டுறானா? போடி போ" என்கிறார். பூசைக்குக்கூடத் தொப்பியோடு போய்ப் பாதிரியாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிற மனுஷன் அவர். "உங்களையும் கழட்ட வைப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
யூதோக்சி

பாரிஸ், 20 நவம்பர் 1959

யூதோக்சி,

படத்தைப் போட்டுக் காட்டினார்கள். என் முகம் திரை நிறைய வந்தது. என் வாய் அசைந்தது. பேசியது நான் இல்லை.

இங்கே படம் பிடித்த பிறகு குரலைத் தனியாகப் பதிவு செய்வார்கள். என்னைக் கூப்பிடவே இல்லை. போய்க் கேட்டேன். "உங்க பிரெஞ்சு ரொம்பச் சுத்தம் மதாம், தீவுக்காரி மாதிரியே இல்ல" என்றார் இயக்குநர். அதனால் பாரிஸ்காரி ஒருத்தியைப் பிடித்து, எழுத்தை விழுங்கி விழுங்கித் தீவுக்காரியாகப் பேச வைத்திருக்கிறார்கள். கன்னியாஸ்திரிகளிடம் கைவீங்க அடி வாங்கி நான் படித்த பிரெஞ்சு ஆகாதாம்.

அழுது தீர்த்துவிட்டேன். படம் அங்கே வந்தால் நீங்கள் யாரும் போக வேண்டாம். எனக்கு இந்தத் தொழிலும் வேண்டாம். கப்பல் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சிதோனி

ஃபோர்-த-ஃப்ரான்ஸ், 14 பிப்ரவரி 1960

என் அக்காவுக்கு,

போக வேண்டாம் என்றாய். நான் என்றைக்கு உன் பேச்சைக் கேட்டேன்? நேற்று இங்கே படம் போட்டார்கள்.

வரிசையில் நிற்கும்போதே எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னேன். யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. லெயோன்ஸ் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்: "அது அவ குரல் இல்லைன்னா, நாம பேசிட்டுப் போறோம்."

ரவுடி கடைக்குள் வந்தான். கல்லாவில் நீ. அம்மாடி, எத்தனை அழகாக இருக்கிறாய். உன் உதடு பிரிந்ததும் கொட்டகையே சேர்ந்து கத்தியது: "தொப்பியைக் கழட்டு. இது என் கடை."

அந்தப் பாரிஸ்காரி பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. அவன் தொப்பியைக் கழற்றியதும் விசில் பறந்தது. "திரும்பப் போடுடா" என்று ஒரே கூச்சல். சுருளைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டாம் தடவை இன்னும் சுத்தமாகச் சொன்னோம், கன்னியாஸ்திரிகளே குறை சொல்ல முடியாது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். லெயோன்ஸ் மாமாவின் தொப்பி மடியில் இருந்தது. வெளிச்சம் வந்த பிறகும் அவர் அதைத் தலையில் வைக்கவில்லை. அக்கா, அவருக்கு நல்ல வழுக்கை.

கப்பலை விடு. அங்கேயே இரு, கேட்டு வாங்கு. அடுத்த வசனத்தை மட்டும் முன்கூட்டியே எழுதி அனுப்பு. இத்தனை பேர் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது.

உன் குரலில் ஒருத்தி,
யூதோக்சி